இன்ஜின் டெம்பரேச்சர் சென்சார் பழுதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேன் நிற்காமல் ஓடினாலும், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தாலும், மைலேஜ் குறைந்தாலும் பழி முதலில் விழுவது கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார் மேல்தான். பல சின்ன கார்களுக்குச் சில நூறு ரூபாயில் கிடைக்கிற பொருள் என்பதால், சோதிக்காமலே மாற்றிவிடுகிறார்கள். மாற்றிய பிறகும் கோளாறு அப்படியே இருக்கும்போதுதான் கேள்விகள் வருகின்றன. ஒரு மல்டிமீட்டர், ஒரு சின்ன வயர்த்துண்டு, முடிந்தால் இன்ஜின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஒரு ஸ்கேனர் இருந்தால் பழுது சென்சாரிலா, வயரிலா, கூலண்டிலா என்று மாற்றுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்கள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கீழே இருக்கின்றன. பதில்கள் பெட்ரோல் கார்களை வைத்து எழுதப்பட்டவை. டீசலுக்கு 18-ஆவது கேள்வியைப் பாருங்கள்.

1. இந்த சென்சார் எங்கே இருக்கும்? அது என்னதான் பண்ணுது?

சிலிண்டர் ஹெட்டிலோ, தெர்மோஸ்டாட் உட்காரும் ஹவுசிங்கிலோ, அதன் அருகில் கூலண்ட் ஓடும் குழாயிலோ திருகப்பட்டிருக்கும். (தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடாகும் வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைக்கும் வால்வு.) பித்தளை அல்லது பிளாஸ்டிக் உடம்பு, பின்பக்கம் இரண்டு பின் உள்ள கப்ளர், முன்பக்க நுனி கூலண்டுக்குள். நுனிக்குள் ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் சோதனைகள் எல்லாம் சுலபமாகப் புரியும்.

இன்ஜின் கம்ப்யூட்டர், அதாவது இசிஎம், தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை ஒரு வயரில் அனுப்புகிறது. இன்னொரு வயர் இசிஎம்முக்கே திரும்பும் எர்த். சென்சார் குளிர்ந்திருந்தால் சிக்னல் வயரில் வோல்டேஜ் அதிகமாக நிற்கும், சூடானால் இறங்கும். இந்த வோல்டேஜை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் அடிப்பது, ஐடிலிங் எவ்வளவு, இக்னிஷன் டைமிங் என்ன, ஃபேனை எப்போது போடுவது, ஏசியை எப்போது நிறுத்துவது என்று இசிஎம் முடிவு செய்கிறது.

2. டாஷ்போர்டு முள்ளுக்குப் போறதும் இதே சென்சார்தானா?

இப்போதைய பெரும்பாலான கார்களில் ஒரே சென்சார்தான். இசிஎம் படித்து, டாஷ்போர்டுக்குச் சொல்கிறது. பழைய வண்டிகளில் முள்ளுக்குத் தனியாக ஒற்றை வயர் சென்டர் (முள்ளுக்கு மட்டும் அளவை அனுப்பும் சென்சார்) ஒன்றும், இசிஎம்முக்கு இரண்டு வயர் சென்சார் ஒன்றும் இருக்கும். அதற்கும் முந்தையவற்றில் ஃபேனுக்கென்று ரேடியேட்டரில் மூன்றாவதாக ஒரு சுவிட்சும் இருக்கும். சில மாடல்களில் ஒரே உடம்புக்குள் இரண்டு தெர்மிஸ்டர் வைத்து, மூன்று அல்லது நான்கு பின் கொடுத்திருப்பார்கள். கடையில் கேட்கும்போது எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் தவறான பொருள் கைக்கு வரும்.

முள் நடுவில் நிற்கிறது என்பதை வைத்து சென்சார் நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். பல கார்களில் ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு மேல் வரை முள் ஒரே இடத்தில் நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். முள்ளே இல்லாமல் நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டும் உள்ள கார்களில் அந்தத் தகவலும் கிடையாது.

3. சென்சார் போயிடுச்சுன்னா வண்டி எப்படி இருக்கும்?

அது எந்தப் பக்கமாகப் பொய் சொல்கிறது என்பதைப் பொறுத்தது. இன்ஜின் சூடாக இருக்கும்போதும் குளிராக இருக்கிறது என்று சொன்னால், பெட்ரோல் அதிகமாகப் போகும். மைலேஜ் குறையும், சைலன்சரில் பெட்ரோல் வாடையும் கறுப்புப் புகையும் வரும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும், ஐடிலிங் ஏறியே நிற்கும், சூடான வண்டியை நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் இழுக்கும். மாறாக, குளிர்ந்த இன்ஜினைச் சூடு என்று சொன்னால் காலையில் ஸ்டார்ட்டிங் கஷ்டம், ஸ்டார்ட் ஆனாலும் ஆக்சிலரேட்டரை விட்டதும் அணைந்துபோகும்.

முழுவதுமாக இணைப்பு அறுந்தால் பெரும்பாலான இசிஎம்கள் அதைக் கண்டுபிடித்து, செக் இன்ஜின் லைட்டை எரியவிட்டு, பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓட விடும். ஏசி கம்ப்ரசரையும் நிறுத்திவிடலாம். ஏசி மெக்கானிக்கிடம் போய் கேஸ் ஏற்றிக்கொண்டு வந்த பிறகும் ஏசி வேலை செய்யாத வண்டிகளில் இந்த சென்சார் லைனையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

4. ஃபேன் சாவி போட்டதுமே ஓட ஆரம்பிக்குது. சென்சார்தானே?

ஏசி சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏசி ஓடும்போது ஃபேனும் ஓடுவது இயல்பு. ஏசி அணைந்திருந்தும், குளிர்ந்த இன்ஜினில் சாவி போட்டதும் ஃபேன் முழு வேகத்தில் ஓடினால், சென்சார் லைன் அறுந்து இசிஎம் பாதுகாப்பு நிலைக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். சாவியை எடுத்த பிறகும் மணிக்கணக்கில் ஓடுகிறது என்றால் ஃபேன் ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ரிலேயைக் கழற்றினால் நிற்கும். சூடான வண்டியை அணைத்த பிறகு சில நிமிடம் மட்டும் ஓடி நிற்பது பல மாடல்களில் இயல்பே.

யாராவது முன்பே ஃபேனை டைரக்ட் செய்து, அதாவது இசிஎம் கட்டுப்பாடு இல்லாமல் நேரடியாக இணைத்து, வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் கட்டாயம் பாருங்கள்.

5. ஸ்கேனர்ல பி0118 வந்துச்சு. நேரா சென்சாரை மாத்திடலாமா?

வேண்டாம். அந்தக் கோடு, அதாவது இசிஎம் பதிவு செய்யும் கோளாறு எண், சென்சாரைச் சொல்லவில்லை, சர்க்யூட்டைச் சொல்கிறது. சென்சார், கப்ளர், இரண்டு வயர், இசிஎம் எல்லாம் சேர்ந்ததுதான் சர்க்யூட். பி0118 என்றால் சிக்னல் வோல்டேஜ் மிக அதிகம், எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. பி0117 என்றால் வோல்டேஜ் மிகக் குறைவு, எங்கோ ஷார்ட். பி0115 பொதுவான சர்க்யூட் கோளாறு. பி0116 என்றால் அளவு வருகிறது, ஆனால் நம்பும்படி இல்லை. பி0119 விட்டு விட்டு வரும் கோளாறு.

பி0125, பி0128 இரண்டும் இன்ஜின் போதுமான அளவு சூடாகவில்லை என்று சொல்பவை. அங்கே தெர்மோஸ்டாட்தான் முதல் சந்தேகம், சென்சார் அடுத்தது. இரண்டாவது கூலண்ட் சென்சார் உள்ள கார்களில் அதற்கான கோடுகள் பி2182-இலிருந்து தொடங்கும். அதைப் பார்த்துவிட்டு முதல் சென்சாரை மாற்றிப் பயன் இல்லை.

6. எந்த ஸ்கேனர் வேணும்? காஸ்ட்லியா வாங்கணுமா?

தேவையில்லை. வண்டியின் ஓபிடி (கோளாறு கண்டறியும்) சாக்கெட்டில் செருகி, போனோடு இணையும் சாதாரண புளூடூத் அடாப்டரே கூலண்ட் டெம்பரேச்சரை லைவாகக் காட்டும். இந்தியாவில் பிஎஸ்4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 கட்டாயமானது. அதற்குப் பின் வந்த கார் என்றால் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதற்கு முந்தைய வண்டிகளில் சாக்கெட் இருந்தாலும் பொது அடாப்டர் பேசும் என்று உறுதி இல்லை. அவற்றுக்கு மல்டிமீட்டர்தான் வழி, அதுவே போதும். அடாப்டர் வாங்கினால் கோடு மட்டும் காட்டுகிற ஆப் போதாது, லைவ் டேட்டாவைக் கிராஃபாகக் காட்டும் ஆப் வேண்டும். 12-ஆவது கேள்வியில் அது உதவும்.

7. லைவ் டேட்டால என்ன பார்க்கணும்? எது சரி எது தப்புன்னு தெரியலையே.

ராத்திரி முழுக்க நிறுத்திய வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை மட்டும் ஆன் செய்து இரண்டு எண்களைப் பாருங்கள்: கூலண்ட் டெம்பரேச்சர், உள்ளே போகும் காற்றின் டெம்பரேச்சர். இரண்டும் வெளிச்சூட்டை ஒட்டியே இருக்க வேண்டும், தங்களுக்குள் ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. காற்று 28 டிகிரி, கூலண்ட் 28 அல்லது 30 என்றால் சரி. காற்று 28, கூலண்ட் 12 என்றால் கூலண்ட் சென்சார் லைனில் பிழை இருக்கிறது. செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள்.

அடுத்து ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுங்கள். எண் ஒரே சீராக ஏற வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கும் 82 அல்லது 88 டிகிரியை ஒட்டி ஏற்றம் மெதுவாகி, லேசாக இறங்கி மறுபடி ஏறுவது நல்ல அறிகுறி. பிறகு 95 முதல் 100 டிகிரிக்குள் ஃபேன் ஓட ஆரம்பித்து, சில டிகிரி இறங்கியதும் நிற்க வேண்டும். துல்லியமான எண் மாடலுக்கு மாடல் மாறும். அணைத்த சில நிமிடங்களில் எண் இன்னும் கொஞ்சம் ஏறினால் பயப்பட வேண்டாம், கூலண்ட் ஓட்டம் நின்றதால் வரும் ஏற்றம் அது.

8. ஸ்கேனர்ல மைனஸ் 40 காட்டுது. நம்ம ஊர்ல எங்க மைனஸ் 40?

அது சூட்டின் அளவு அல்ல. சிக்னல் வயரில் 5 வோல்ட் அப்படியே நிற்கிறது, சென்சார் வழியாகக் கரண்ட் ஓடவில்லை என்பதை இசிஎம் அந்த எண்ணாகக் காட்டுகிறது. இதே போல 130, 140 என்று எட்டாத உயரத்தில் நின்றால் சிக்னல் வயர் எர்த்தோடு சேர்ந்துவிட்டது. இரண்டையும் பிரித்தறியும் சோதனை இது.

சாவி ஆன், இன்ஜின் ஆஃப். சென்சார் கப்ளரைக் கழற்றுங்கள். ஸ்கேனர் மைனஸ் 40-க்குப் போக வேண்டும். இப்போது ஒரு சின்ன வயரால் கப்ளரின் இரண்டு டெர்மினல்களையும் இணையுங்கள். எண் 120-க்கு மேலே பாய வேண்டும். இரண்டும் நடந்தால் வயரிங்கும் இசிஎம்மும் சரியாக இருக்கின்றன, பழுது சென்சாரிலோ அதன் பின்னிலோதான். கப்ளரைக் கழற்றிய பிறகும் எண் உச்சத்திலேயே நின்றால் சிக்னல் வயர் எங்கோ பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது. இணைத்த பிறகும் மைனஸ் 40 நகரவில்லை என்றால் ஏதோ ஒரு வயர் அறுந்திருக்கிறது. எது என்று அறிய, சிக்னல் டெர்மினலை மட்டும் பேட்டரி நெகட்டிவில் தொடுங்கள். எண் பாய்ந்தால் அறுந்தது எர்த் வயர், பாயாவிட்டால் சிக்னல் வயர்.

இரண்டு எச்சரிக்கைகள். பேட்டரி பாசிட்டிவை இந்த டெர்மினல்களில் ஒருபோதும் தொடாதீர்கள், இசிஎம் போய்விடும். அடுத்து, சில கார்கள் கப்ளரைக் கழற்றியதும் தானாக ஒரு மாற்று எண்ணை, உதாரணமாக 80 டிகிரியை, எடுத்துக்கொண்டு அதையே ஸ்கேனரிலும் காட்டும். அப்படி நடந்தால் எண்ணை நம்பாமல் கப்ளரின் இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 5 வோல்ட்டை ஒட்டி வந்தால் வயர்கள் இரண்டும் நல்லவை. சோதனையில் பதிவாகும் கோடை கடைசியில் அழித்துவிடுங்கள்.

9. மல்டிமீட்டர்ல எத்தனை ஓம்ஸ் வரணும்?

கப்ளரைக் கழற்றி, சென்சாரின் இரண்டு பின்களில் மீட்டரை வையுங்கள். பாஷ், டென்சோ வகையைச் சேர்ந்த பெரும்பாலான சென்சார்களில் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 30-இல் 1.7, 40-இல் 1.15 கிலோ ஓம் வரும். 60 டிகிரியில் 590 ஓம், 80-இல் 320, 100-இல் 185 என்று இறங்கும். பத்து சதவீதம் முன்பின் இருப்பது பரவாயில்லை.

ஆனால் எல்லா வண்டிக்கும் இதே கணக்கு என்று நினைக்காதீர்கள். ஃபோர்டின் பல பழைய மாடல்களில் 20 டிகிரியில் 35 கிலோ ஓமுக்கும் மேல் இருக்கும், அது பழுதல்ல. ஜிஎம் வகையில் 20 டிகிரியில் 3.5 கிலோ ஓம். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவல் அட்டவணை கிடைத்தால் அதுவே இறுதி. எந்த வகையானாலும் எல்லையில்லா ரெசிஸ்டன்ஸ் காட்டினால் உள்ளே அறுந்துவிட்டது, பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் உள்ளே ஷார்ட்.

10. கழட்டி வெந்நீர்ல போட்டு டெஸ்ட் பண்றாங்களே, அது சரியான முறையா?

சரியான முறை. சந்தேகமான சென்சாரைப் பற்றி உறுதியாகத் தீர்ப்பு சொல்வதும் அதுதான். பாத்திரத்தில் தண்ணீர், அதில் 100 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர், சென்சாரின் பித்தளை நுனி மட்டும் தண்ணீரில். பின் உள்ள பகுதி நனையக்கூடாது, நுனி பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. அடி தொட்டால் தண்ணீரைவிட அதிகச் சூட்டைக் காட்டும். தீயைக் குறைத்து வைத்து, கிளறிக்கொண்டே 40, 60, 80 டிகிரிகளில் ஓம்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, ஆறும்போது அதே இடங்களில் மறுபடியும் குறியுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடுவில் மீட்டர் ஒரு கணம் தாவினால், நின்ற இடத்தில் அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த சென்சாரைத் திரும்பப் போடாதீர்கள்.

நுனியில் வெள்ளையாகப் படிவு இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் உப்புப் படிந்து, சென்சார் சூட்டை உணர்வதே தாமதமாகும். சுத்தம் செய்து திரும்பப் போடலாம். ஆனால் அதே படிவு ரேடியேட்டருக்குள்ளும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

11. சென்சார் வெந்நீர் டெஸ்ட்ல பாஸ், வயரும் அறுகலை. ஆனாலும் சூடான பிறகு 60 டிகிரிதான் காட்டுது. எப்படி?

கப்ளரைச் சந்தேகப்படுங்கள். பின்னில் பச்சையாகக் களிம்பு பிடித்தாலோ, டெர்மினல் விரிந்து பிடிப்பு தளர்ந்தாலோ அங்கே கூடுதல் ரெசிஸ்டன்ஸ் உருவாகும். அது 300 ஓம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் 30 டிகிரியில் சென்சார் 1700 ஓம், கூட 300 சேர்ந்து 2000. இசிஎம் அதை 26 டிகிரி என்று படிக்கும், யாருக்கும் வித்தியாசமே தெரியாது. இன்ஜின் 80 டிகிரிக்கு வந்ததும் சென்சார் 320 ஓம்தான். அதோடு 300 சேர்ந்தால் 620. இசிஎம் கண்ணுக்கு அது 60 டிகிரிக்கும் கீழே. குளிரில் மறைந்திருக்கும் பிழை சூட்டில் பெரிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். 7-ஆவது கேள்வியில் சொன்ன காலைச் சோதனையில் இந்தக் கோளாறு தப்பிவிடும்.

கண்டுபிடிக்க, இன்ஜினை அணைத்து, சூடு ஆறுவதற்குள் கப்ளரைக் கழற்றி சென்சாரின் பின்னில் நேரடியாக ஓம்ஸ் பாருங்கள். மீட்டர் 320 காட்டுகிறது, ஸ்கேனர் 60 டிகிரி என்று காட்டியது என்றால் வித்தியாசம் கப்ளரிலோ எர்த் வயரிலோ இருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, டெர்மினலைப் பக்குவமாக இறுக்கினால் சரியாகலாம். களிம்பு வயருக்குள் ஏறிக் கறுத்திருந்தால் புதிய கப்ளர் போட்டு சால்டர் செய்வதே நிலைக்கும். முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்காலத்தில் திரும்ப வரும்.

12. லைட் வருது, போகுது. மெக்கானிக்கிட்ட கொண்டுபோனா எல்லாம் நார்மலா இருக்கு.

ஸ்கேனரில் கூலண்ட் கிராஃபை ஓடவிட்டு, இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போது சென்சாரிலிருந்து வயரைப் பிடித்து மெதுவாக ஆட்டிக்கொண்டே போங்கள். ஃபேனிலும் பெல்ட்டிலும் கை, உடை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையான சூடு ஒரு நொடியில் 40 டிகிரி தாவாது. கிராஃபில் நேர்க்கோடாக ஒரு பாய்ச்சல் தெரிந்தால் அது மின் இணைப்புக் கோளாறு, நீங்கள் கை வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

வழக்கமான இடங்கள்: கப்ளருக்குப் பின்னால் வயர் மடங்கும் முதல் இரண்டு அங்குலம், இன்ஜினிலிருந்து பாடிக்கு வயர் தாண்டும் இடம், சூடான ஹோஸில் உரசும் இடம். எலி கடித்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சில நாள் ஓட்டாமல் நிறுத்திய வண்டி என்றால் அதுதான் முதல் சந்தேகம். மேலுறை மட்டும் கடிபட்டு, உள்ளே ஒன்றிரண்டு இழையில் தொங்கும் வயர் ஐடிலிங்கில் நன்றாகவே வேலை செய்யும், மேடு பள்ளத்தில் மட்டும் விட்டுப்போகும்.

13. பி0128 வந்து சென்சார் மாத்தியாச்சு. மறுபடி அதே கோடு.

தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் சிக்கியிருக்க வேண்டும், அல்லது அதை யாரோ கழற்றி எடுத்திருக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் ஸ்கேனர் 80-ஐத் தாண்டும் வரை ஹோஸ் பெரிதாகச் சூடாகாது, பிறகு சட்டென்று சூடேறும். தொடக்கத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தால் தெர்மோஸ்டாட் மூடவில்லை. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது எண் 70-க்குக் கீழே இறங்கி, டிராஃபிக்கில் நின்றால் ஏறுவதும் இதே பழுதின் அடையாளம். சென்சார் பழுதுக்கு வண்டியின் வேகம் தெரியாது.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்து ஒப்பிடுபவர்கள் கவனிக்க: பளபளப்பான அலுமினியத்தில் அது மிகக் குறைவாகக் காட்டும். ஹவுசிங்கில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பின் மேல் குறி வையுங்கள்.

14. "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே வேணாம்"னு மெக்கானிக் எடுத்துட்டார். பரவாயில்லையா?

திரும்பப் போடச் சொல்லுங்கள். வெளியே 40 டிகிரி வெயில் என்றாலும் இன்ஜினுக்கு வேண்டியது 90 டிகிரி. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் அந்தச் சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். அதுவரை இசிஎம் குளிர்நிலைக் கணக்கில் அதிகப் பெட்ரோல் அடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் கூலண்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றும், ஹீட் பிரச்சினை கூடவே செய்யும். வண்டி ஹீட் ஆகிறது என்று எடுத்திருந்தால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், ஃபேன், கேப் என்று காரணத்தைத் தேட வேண்டும்.

15. முள் நார்மல்லதான் இருந்துச்சு, ஆனா இன்ஜின் ஹீட்டாகி ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு. சென்சார் ஏன் சொல்லலை?

இந்தப் பக்கத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். சென்சார் அளப்பது தன் நுனியைத் தொடும் கூலண்டின் சூட்டை. லீக்காகி கூலண்ட் குறைந்து, நுனி காற்றில் தொங்கினால், உலோகம் கொதிக்கும்போதும் அது சரியான சூட்டைக் காட்டாது. எண் ஏறுவதற்குப் பதில் இறங்கக்கூடச் செய்யும். ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் முள் திடீரென்று கீழே விழுந்தால் "ஆறிவிட்டது" என்று நினைத்து ஓட்டாதீர்கள். உடனே ஓரம் கட்டி அணையுங்கள்.

கேப்பை அப்போது திறக்கவே கூடாது. சிஸ்டம் ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் இருக்கும்போது வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியில்தான் கொதிக்கும். கேப்பைத் திறந்ததும் அழுத்தம் போய், மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற அளவு ஆறிய பிறகு, துணி போட்டு மெதுவாகத் திறக்கலாம்.

16. நானே மாத்தலாமா? என்னென்ன பார்க்கணும்?

நன்றாக ஆறிய இன்ஜினில் மாற்றலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சென்சார் தாழ்வான இடத்தில் இருந்தால் அது மூழ்காத அளவுக்குக் கூலண்டை ஒரு சுத்தமான பாத்திரத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். திருகு வகைக்குப் பெரும்பாலும் 19 நம்பர் டீப் சாக்கெட் பொருந்தும், கிளிப் வகைக்குக் கிளிப்பை இழுத்தால் போதும். பழைய வாஷரோ ஓ-ரிங்கோ ஹவுசிங்கிலேயே ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். ஓ-ரிங்கில் கொஞ்சம் கூலண்ட் தடவினால் கிழியாமல் உள்ளே போகும்.

முதலில் கையால் திருகி, பிறகுதான் ஸ்பேனர். ஹவுசிங் அலுமினியமோ பிளாஸ்டிக்கோதான். பல வண்டிகளில் 15 முதல் 20 நியூட்டன் மீட்டர்தான் அளவு, பிளாஸ்டிக் என்றால் இன்னும் குறைவு. மரை போய்விட்டால் சில நூறு ரூபாய் வேலை சில ஆயிரம் ஆகும். ஒற்றை வயர் சென்டருக்கு மட்டும் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அதற்கு எர்த் கிடைப்பதே மரை வழியாகத்தான்.

கூலண்டை நிரப்பிய பின் காற்றை வெளியேற்றுவது பாதி வேலை. ஏர் பிளீட் ஸ்குரூ இருந்தால் குமிழி இல்லாமல் கூலண்ட் வரும் வரை திறந்து வையுங்கள். இல்லாவிட்டால், குளிர்ந்த நிலையில் கேப்பைத் திறந்து வைத்தே ஸ்டார்ட் செய்து, அளவு இறங்க இறங்க ஊற்றி, தெர்மோஸ்டாட் திறந்து குமிழி நின்ற பிறகு மூடுங்கள். மறுநாள் காலை ரிசர்வ் டேங்கின் அளவை மீண்டும் பாருங்கள்.

17. புது சென்சார் போட்டதுக்கப்புறம் ரீடிங் ஏறி இறங்கி ஆடுது.

காற்று சிக்கியிருக்கிறது என்பதுதான் முதல் காரணம். மேலே சொன்னபடி பிளீட் செய்யுங்கள். ஆட்டம் தொடர்ந்து, கூலண்டும் குறைந்துகொண்டே வந்து, குமிழி நிற்கவே இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட் வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். அது சென்சார் கணக்கில் வராது.

ஆடாமல், ஒரே அளவில் தவறாகக் காட்டினால் சென்சாரே வேறு வகை. உடம்பும் மரையும் கப்ளரும் அச்சாகப் பொருந்தி, உள்ளே இருக்கும் தெர்மிஸ்டர் மட்டும் வேறாக இருக்கலாம். போடுவதற்கு முன்பே பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அறைச்சூட்டில் ஓம்ஸ் பார்த்துவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம்.

18. டீசல் வண்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

சென்சாரையும் வயரையும் சோதிக்கும் முறைகள் அப்படியே பொருந்தும், அறிகுறிகள்தான் மாறும். குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் குளோ பிளக் எவ்வளவு நேரம் சூடாக வேண்டும் என்பதை இந்த சென்சார்தான் சொல்கிறது. குளிர்ந்த இன்ஜினைச் சூடு என்று அது சொன்னால் குளோ பிளக் வேலை செய்யாது. சென்னையில் சமாளித்துவிடும் வண்டி ஊட்டியில் விடிகாலையில் நெடுநேரம் சுற்றி, வெள்ளைப் புகையோடு ஸ்டார்ட் ஆகும்.

பிஎஸ்6 டீசலில் இன்னொன்றும் உண்டு. புகை வடிகட்டியான டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய, இன்ஜின் வேலைச்சூட்டுக்கு வந்திருக்க வேண்டும். சென்சாரோ தெர்மோஸ்டாட்டோ பழுதாகி எப்போதும் 60, 65 என்றே காட்டினால் அந்தச் சுத்தம் நடக்காமல் போய் டிபிஎஃப் அடைக்கும். டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிற வண்டியில் கூலண்ட் எண்ணையும் ஒருமுறை பாருங்கள்.

19. சென்சாருக்குப் பதிலா ஒரு ரெசிஸ்டர் போட்டா லைட் வராதாமே?

லைட் வராது, உண்மைதான். ஆனால் இசிஎம்முக்கு இன்ஜினின் சூடு தெரியவே தெரியாது. 330 ஓம் ரெசிஸ்டரை வைத்தால் எப்போதும் 80 டிகிரி என்று நம்பிக்கொண்டு, கொதித்தாலும் ஃபேனைப் போடாது, முள்ளும் அசையாது, சிவப்பு விளக்கும் எரியாது. யாராவது அப்படிச் செய்து வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

சோதனைக்கு மட்டும் அதே ரெசிஸ்டர் நல்ல கருவி. 9-ஆவது கேள்வியில் சொன்ன பாஷ், டென்சோ வகை வண்டியில் சென்சார் கப்ளரில் 330 ஓமைச் செருகி, ஸ்கேனர் 80-ஐ ஒட்டிக் காட்டுகிறதா, 2.2 கிலோ ஓமுக்கு 23-ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று பார்த்தால் வயரும் இசிஎம்மும் அளவு தவறாமல் படிக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். பார்த்ததும் கழற்றிவிடுங்கள்.

20. வெளியூர் போற வழியில லைட் வந்துடுச்சு. ஓட்டலாமா?

கூலண்ட் அளவு சரியாக இருந்து, எங்கும் லீக் இல்லாமல், ஃபேன் ஓடிக்கொண்டும் இருந்தால் அருகிலுள்ள பட்டறை வரை நிதானமாக ஓட்டலாம். ஃபேன் ஓடுகிறதா என்று கீழே இறங்கிக் கண்ணால் பாருங்கள். ஓடவில்லை என்றால் ஓட்ட வேண்டாம், ஏனென்றால் சூடு ஏறினால் சொல்வதற்கு அந்த வண்டியில் இப்போது எதுவும் இல்லை. மலைப்பாதை ஏற்றம் முன்னால் இருந்தால், ஃபேன் ஓடினாலும் ஏறாதீர்கள்.

21. எந்தக் கோடும் இல்லை, லைட்டும் இல்லை. மைலேஜ் மட்டும் போயிடுச்சு, சூட்டில ஸ்டார்ட்டிங் இழுக்குது. அப்பவும் சென்சாரா இருக்குமா?

இருக்கலாம். 90 டிகிரியை 70 என்று காட்டும் சென்சாரின் வோல்டேஜ் இசிஎம் ஏற்கும் எல்லைக்குள்ளேயே இருக்கும், பல வண்டிகளில் கோடு விழாது. ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம்மை, அதாவது இசிஎம் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதை, பாருங்கள். மைனஸ் 10-ஐத் தாண்டியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசிஎம் அதைக் குறைக்கப் பாடுபடுகிறது என்று பொருள். கூடவே கூலண்ட் எண்ணும் குறைவாக இருந்தால் இரண்டும் ஒரே பழுதைச் சுட்டுகின்றன. கூலண்ட் எண் சரியாக இருந்து ட்ரிம் மட்டும் மைனஸில் இருந்தால் ஒழுகும் இன்ஜெக்டர், பெட்ரோல் பிரஷர் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

ஒரு இடத்தில் ட்ரிம்மும் ஏமாற்றும். சென்சார் மிகவும் குளிர் என்று காட்டினால் இசிஎம் ஆக்சிஜன் சென்சாரைப் பார்க்கும் நிலைக்கே வராது. ஃபியூயல் சிஸ்டம் நிலை ஓப்பன் லூப்பிலேயே நிற்கும், ஷார்ட் டெர்ம் ட்ரிம் பூஜ்யத்திலேயே கிடக்கும். பூஜ்யத்தைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுவது எளிது. பத்து நிமிடம் ஓடிய பிறகும் ஓப்பன் லூப் என்றே காட்டினால் கூலண்ட் எண்ணைப் பாருங்கள், பிறகு 11-ஆவது கேள்வியில் சொன்னபடி சூடான இன்ஜினில் சென்சாரின் பின்னிலேயே ஓம்ஸ் எடுத்து ஒப்பிடுங்கள்.